பொருளுக்கு முன் பதிவேடு

கீழடி அகழாய்வைப் பற்றித் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் எல்லாருடைய கண்ணும் போய் நின்ற இடம் கி.மு. 580 என்ற ஆண்டு. அந்த ஆண்டைச் சொன்னது ஒரு கரித்துண்டு. கரித்துண்டு தனியாகச் சொல்லிவிடவில்லை. அது 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடந்தது என்று குழியில் நின்று எழுதிவைத்த குறிப்பும் சேர்ந்துதான் சொன்னது. 200 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரி ஒன்று கி.மு. 205 என்று வந்தது. ஆழம் கூடக் கூடக் காலமும் பின்னால் போகிறது; ஆகவே நடுவில் கிடைத்த பானை ஓடு, பாசிமணி, எழுத்துக் கீறல் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரு வயது சொல்ல முடிந்தது. குறிப்பு ஏதும் இல்லாமல் இரண்டு கரித்துண்டுகளும் ஒரே மஞ்சள் பையில் வந்து சேர்ந்திருந்தால், ஆய்வகம் இரண்டு ஆண்டுகளைச் சொல்லியிருக்கும். எந்த ஓடு எந்த ஆண்டோடு ஒட்டும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. 2023 மார்ச் 5 அன்று கொந்தகையில் திறந்த கீழடி அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் செட்டிநாட்டுப் பாணித் தூண்களை வியந்துவிட்டு வருகிறார்கள். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் அந்தக் குழிக்குறிப்பேட்டை நம்பித்தான் நிற்கிறது.

ஊர் அருங்காட்சியகம் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் ஓர் அறை பிடிக்கிறார்கள். பிறகு நன்கொடை திரட்டிக் கண்ணாடிப் பெட்டி செய்கிறார்கள். அதற்குப் பிறகு ‘பழைய பொருள் இருந்தால் கொடுங்கள்’ என்று ஊரில் சொல்கிறார்கள். மூன்றே மாதத்தில் அறை நிரம்பிவிடும்: அம்மி, உரல், திருகை, மரக்கால், பெட்ரோமாக்ஸ் விளக்கு, வால்வு ரேடியோ, பச்சை பூத்த செப்புக்காசுகள், ஒரு கட்டு ஓலைச்சுவடி. திறப்பு விழாவும் நடக்கும். ஓராண்டு கழித்து அந்த மரக்கால் யார் வீட்டுது என்று கேட்டால், வாங்கிவைத்தவருக்கு மட்டும் தெரியும். அவர் வெளியூர் போயிருப்பார். இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றுதான். ஊர் அருங்காட்சியகத்தின் முதல் சொத்து பதிவேடு. அதை நிரப்ப வேண்டியவர்கள் ஊர் மக்கள். காட்சி அறை அதிலிருந்து பிறக்க வேண்டும். அறை முதலில் வந்தால் பதிவேடு பிறகு வருவதே இல்லை.

மரக்காலையே எடுத்துக்கொள்வோம். பெட்டியில் வைத்து ‘பழங்கால மரக்கால்’ என்று சீட்டு ஒட்டினால், பார்ப்பவருக்கு அது தெரிந்த செய்திதான். தன் பாட்டி வீட்டிலும் ஒன்று இருந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். கொடுத்தவரிடம் நாலு கேள்வி கேட்டு எழுதிப் பாருங்கள். யாருடைய களத்தில் இருந்தது? கூலி அளந்ததா, குத்தகை அளந்ததா, கடையில் விற்க அளந்ததா? விளிம்பில் முத்திரை ஏதும் உண்டா? தலைதட்டி அளந்தார்களா, கும்பாச்சியாகவா? பிறகு அதில் அரிசியைக் கொட்டி எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அடுத்த தெருவிலிருந்து இன்னொரு மரக்கால் வரும். அதையும் அளந்தால் கொள்ளளவு ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். கூலி அளந்த மரக்காலும் குத்தகை அளந்த மரக்காலும் அரைப்படி வித்தியாசத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த ஊரின் நிலவுடைமை வரலாற்றை அந்த இரண்டு பாத்திரங்களே சொல்லிவிடும். அவற்றைப் பேசவைத்தது ஒரு நோட்டில் எழுதிய நாலு வரி.

பதிவேட்டின் அமைப்பில் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். வரிசை எண், வந்த நாள், பொருளின் பெயர், ஊரில் வழங்கும் பெயர், கொடுத்தவர், அவருக்கு எப்படி வந்தது, கடைசியாக எங்கே எதற்குப் பயன்பட்டது, அளவும் எடையும், இப்போதுள்ள நிலை, இப்போது வைத்திருக்கும் இடம்: இவ்வளவு போதும். ஊரில் வழங்கும் பெயருக்குத் தனிக் கட்டம் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒரே இறைகூடைக்கும் ஏற்றத்துக்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் பெயர் மாறுகிறது. அகராதிப் பெயரை எழுதினால் ஊர்ப்பெயர் அந்த இடத்திலேயே செத்துப்போகும். எண்ணை ஆண்டோடு சேர்த்து எழுதுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம், 2025.14 என்றால் அந்த ஆண்டில் வந்த பதினான்காவது பொருள். ஜாடியும் மூடியுமாக வந்தால் 2025.14.1, 2025.14.2. அந்த எண் பொருளின் மேலும் இருக்க வேண்டும். கல், உலோகம், சுட்ட மண் ஆகியவற்றில் கண்ணுக்குப் படாத மூலையில் பாராலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பூச்சை மெல்லத் தடவி, காய்ந்ததும் அதன்மேல் மையால் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுக்கலாம். வேண்டும்போது அசிட்டோனால் துடைத்து எடுத்துவிட முடியும். துணியில் எண் எழுதிய பருத்தி நாடாவைத் தைக்க வேண்டும். காகிதத்தில் மென்மையான பென்சில். செல்லோடேப் எதிலும் கூடாது. அதன் பசை பழுப்பேறிப் பொருளையும் கெடுக்கும், ஒருநாள் எண்ணோடு உதிர்ந்தும் போகும். ஓலைச்சுவடியை லாமினேஷனுக்குக் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி ஒன்றே சொல்லலாம்: அது சுவடியைக் கொல்லும் வழி. கொடுத்தவரிடம் ஒரு பக்க நன்கொடைக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். நிரந்தரமாகக் கொடுக்கிறாரா, இரவலாகவா என்பது அதில் இருக்கட்டும். பிற்காலத்தில் பேரன் வந்து கேட்கும்போது இந்தத் தாள்தான் நிற்கும்.

‘மக்கள் பொருளைப் பார்க்கத்தானே வருகிறார்கள், நோட்டைப் பார்க்கவா வருகிறார்கள்?’ என்ற மறுப்பு உடனே வரும். நியாயமான கேள்வி. ஆனால் விலையுயர்ந்த பொருள் ஒன்றுகூட இல்லாமல் உலகப் பெயர் பெற்ற ஊர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பல இன மக்கள் வாழ்ந்த பகுதியை 1966 பிப்ரவரியில் நிறவெறி அரசு வெள்ளையர் பகுதியாக அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டோரை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தரைமட்டமாக்கியது. 1994 டிசம்பரில் அங்குள்ள ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் முன்னாள் குடிகள் தொடங்கிய அருங்காட்சியகத்தில், தரை முழுக்க அந்தப் பகுதியின் தெரு வரைபடம். வருகிறவர்கள் குனிந்து தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடி, குடும்பப் பெயரை அதில் எழுதினார்கள். இடிப்பு வேலையில் இருந்த ஒருவர் எடுத்து வைத்திருந்த தெருப் பெயர்ப் பலகைகள் மேலே தொங்கின. நீளமான துணியில் மக்கள் எழுதிய பெயர்களையும் செய்திகளையும் பிறகு நூலால் தைத்து நிலைப்படுத்தினார்கள். யோசித்துப் பார்த்தால் அங்கே காட்சிக்கு இருப்பதே பதிவேடுதான். அதைத் தரையில் விரித்துவிட்டார்கள், அவ்வளவே. சில வாரங்களுக்கு என்று தொடங்கிய கண்காட்சி பல ஆண்டுகள் ஓடியது. அணை கட்டியதால் இடம் மாறிய ஊர்களும், சாலை அகலமானபோது தெருவை இழந்த பேட்டைகளும் இங்கேயும் உண்டு. அவர்களுக்கு அம்மியும் உரலும் எதற்கு? ஒரு வரைபடமும் ஒரு கட்டுப் பேனாவும் போதும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: ‘எதெது எங்கெங்கே இருக்கிறது என்று எழுதிவைத்தால் திருடனுக்கு வழி சொன்னதாகிவிடாதா?’ சிலைத் திருட்டின் கதையே இதற்குப் பதில். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலின் ராமர், லட்சுமணர், சீதை வெண்கலத் திருமேனிகளைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1958-இல் படமெடுத்து வைத்திருந்தது. 1978-இல் அவை களவு போயின. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அவை பிரிட்டனில் இருப்பது தெரிந்தபோது, இவை அந்தக் கோயிலுடையவை என்று நிலைநாட்டியது அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். 2020-இல் மூன்றும் திரும்பி வந்தன. படம் எடுத்ததால் சிலை திருடுபோகவில்லை. படம் இருந்ததால் திரும்பியது. படமே எடுக்கப்படாத கோயில்களின் சிலைகள் எத்தனை வெளிநாட்டுக் கூடங்களில் ஊர்ப்பெயர் இல்லாமல் நிற்கின்றனவோ, அவற்றைக் கேட்டு வாங்க நம் கையில் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. ஆனாலும் அந்த மறுப்பில் உள்ள எச்சரிக்கையைத் தள்ளிவிட வேண்டாம். பதிவேட்டின் சில கட்டங்கள் உள்ளுக்கு மட்டும் என்று இருக்கட்டும். காவல் இல்லாத இடத்துச் சிற்பம், முதுமக்கள் தாழி தலைகாட்டும் மேடு ஆகியவற்றின் சரியான இடக்குறிப்பைத் துண்டறிக்கையிலும் முகநூலிலும் போடுவது அறியாமை. ஒரு பிரதி அருங்காட்சியகத்தில், ஒன்று ஊர் நூலகத்தில், ஒன்று ஊருக்கு வெளியே என்று மூன்று பிரதி வைப்பது நல்லது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஒற்றைப் பிரதிகளாக இருந்தவை அத்தோடு முடிந்தன என்பதைத் தமிழர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, படித்தவர்கள் சொல்லும் மறுப்பு. கிராமத்துக் கிழவர் சொல்வதெல்லாம் வரலாறா? எல்லாப் பழஞ்சுவரையும் திப்பு சுல்தானோடு சேர்ப்பார்கள், எல்லாக் குகையிலிருந்தும் மதுரைக்குச் சுரங்கம் போகும். உண்மைதான். பெருங்கற்கால ஈமச்சின்னங்களைப் பாண்டவர் குழி என்றும் குரங்குப் பட்டடை என்றும் ஊரார் சொல்கிறார்கள். பாண்டவருக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஆய்வாளர்கள் பல ஈமக்காடுகளைத் தேடிப் போனார்கள். விளக்கம் தவறாக இருக்கலாம், இடம் தவறவில்லை. கீழடியின் மேட்டுக்கு ஊரார் வைத்திருந்த பெயர் பள்ளிச்சந்தைத் திடல். சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலத்தைப் பள்ளிச்சந்தம் என்று கல்வெட்டுகள் குறிக்கும். தென்னந்தோப்பாகிவிட்ட ஒரு திடலின் பெயரில் இப்படியொரு பழஞ்சொல்லின் சாயல் தங்கியிருக்கிறது. ஆகவே நினைவை நினைவாகவே எழுதுங்கள்: இன்னார் மகன் இன்னார், இத்தனை வயது, இந்த நாளில் இப்படிச் சொன்னார், இன்னாரிடம் கேட்டதாகச் சொன்னார். அதன் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் அந்த நிலம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதை எழுதுங்கள். கல்வெட்டு இருந்தால் அதையும். மூன்றும் ஒத்துப்போனால் மகிழ்ச்சி. ஒத்துப்போகாவிட்டால் அந்த முரண்பாடே ஆய்வுக்கு நல்ல தொடக்கம். திருத்தி ஒன்றாக்கிவிடாதீர்கள்.

முதல் கண்காட்சிக்கு என்ன பொருளை எடுப்பது என்று கேட்பவர்களுக்கு என் பரிந்துரை ஊர் ஏரி. அரசர்களை எடுத்தால் பாடப்புத்தகத்தைச் சுவரில் ஒட்டும் வேலையாகிவிடும். ஏரி அப்படியல்ல, எல்லாச் சாதிக்கும் எல்லாத் தெருவுக்கும் அதில் ஒரு கை இருந்திருக்கிறது, எல்லாரும் சொல்ல ஏதோ ஒன்று வைத்திருப்பார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒரு கல்வெட்டு இல்லாமல் போகலாம், ஆனால் மடை திறந்தவர் குடும்பம் இருக்கும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று அவர்களுக்கு ஊருக்கு ஒரு பெயர். எந்த மடை எந்தப் பாசனத்துக்கு, முறைத்தண்ணீரை நாழிகைக் கணக்கில் விட்டார்களா நாள் கணக்கிலா, கூலி நெல் எவ்வளவு, கலிங்கு வழிந்தால் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் தலையில் இருந்தது. போர்செட் வந்தபின் கேட்பார் இல்லாமல் கரைந்துகொண்டிருக்கிறது. அந்தக் குரல்களைப் பதிவு செய்யுங்கள். குமிழித் தூம்பு நின்றால் அதன் தூண்களை நான்கு புறமும் படமெடுங்கள். எழுத்து இருக்கிறதா என்று காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் பாருங்கள். பழைய புலப்படத்தில் ஏரியின் எல்லையைக் கோடிட்டு, இன்றைய எல்லையை வேறு நிறத்தில் அதன்மேல் வரையுங்கள். இரண்டு கோடுகளுக்கும் இடையில் யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்பதை வருகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் அதற்குச் சீட்டு எழுத வேண்டாம், எழுதினால் வழக்கு வரும். மற்ற சீட்டுகளும் ஐம்பது, அறுபது சொல்லைத் தாண்டக் கூடாது. துணியும் காகிதமும் ஓலையும் இருக்கும் மூலையில் வெளிச்சம் 50 லக்ஸ் அளவோடு நிற்கட்டும்.

வழக்கு என்றதும் சாதிப் பேச்சைத் தவிர்க்க முடியாது. ‘ஊர் வரலாற்றைக் கிளறினால் சண்டைதான் வரும், பொதுவானதை மட்டும் வைப்போம்’ என்பது பல ஊர்ப் பெரியவர்களின் அறிவுரை. பொதுவானது என்று அவர்கள் சொல்வது பெரும்பாலும் தங்கள் தெருவின் கதை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கறுப்பின மக்கள் வாழும் அனகோஸ்டியா பகுதியில், ஸ்மித்சோனியன் நிறுவனம் 1967-இல் ஒரு பழைய திரையரங்கில் பகுதி அருங்காட்சியகம் தொடங்கியது. அது 1969-இல் வைத்த கண்காட்சி எலிகளைப் பற்றியது, ஏனென்றால் அந்தத் தெருப் பிள்ளைகளின் அன்றாடத் தொல்லை எலி. பெரிய அருங்காட்சியகம் எதுவும் எலியைப் பெட்டியில் வைக்கத் துணிந்திராது. யாரைக் கேட்டு எழுதுகிறோம் என்பது மாறினால் எதைக் காட்டுகிறோம் என்பதும் மாறிவிடுகிறது. 2022-இல் அனைத்துலக அருங்காட்சியக மன்றம் பிராகா நகரில் ஏற்ற புதிய வரையறையிலும் மக்கள் சமூகங்களின் பங்கேற்பு என்பது இடம்பெற்றுவிட்டது. நடைமுறையில் இதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு: பதிவேட்டில் முதல் நூறு பதிவுகளை எடுத்துக் கொடுத்தவர்களின் தெருவைக் குறியுங்கள். ஒரு தெரு முழுதாக விடுபட்டிருந்தால் கண்காட்சியைத் தள்ளிவைத்து அங்கே போய் உட்காருங்கள். ஒரே நிகழ்ச்சியை இரு தரப்பும் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் சொன்னவர் பெயரோடு, அவர் ஒப்புதலோடு, அருகருகே வையுங்கள். பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு என்பதை ஒலிப்பதிவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

பதிவேடு கையில் இருந்தால் பொருளை மறுக்கவும் துணிவு வரும், அது சிறிய விஷயமல்ல. தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகற்களை வேடியப்பனாக இன்றும் கும்பிடுகிறார்கள். அந்தக் கல்லைப் பெயர்த்துக் கூடத்தில் வைத்தால் ஒரு சிற்பம் சேரும், ஒரு சாமி போய்விடும். படமும் அளவும் எழுத்தின் மைப்படியும் பதிவேட்டில் ஏறட்டும். கல் அங்கேயே நிற்கட்டும். ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகர் தோண்டிய பொருள்கள் பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னைக்கு வந்தன. 2023-இல்தான் அதே மண்ணில், குழியின் மேல் கண்ணாடித் தளம் போட்டுத் தாழிகளைக் கிடந்த இடத்திலேயே காட்டும் ஏற்பாடு வந்தது. இடத்தை விட்டுப் பெயர்க்காமல் காட்டுவதே மேல் என்று புரிந்துகொள்ள ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு நாள் தேவையில்லை. சட்டமும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மண்ணுக்குள் கிடைத்த 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலத் தொகுப்பில் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் வழியாக வந்ததே. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த பொருள்களையும் 75 ஆண்டு கடந்த கையெழுத்துச் சுவடிகளையும் தொல்பொருளாகக் கொள்கிறது. சிற்பம் போன்ற அறிவிக்கப்பட்ட வகைகளைப் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும், கைமாறினாலும் தெரிவிக்க வேண்டும். நல்லெண்ணத்தில் ஒரு செப்புத் திருமேனியை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு காவல் நிலையத்தில் உட்காராமலிருக்க, முதல் தொலைபேசி மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியருக்குப் போகட்டும்.

கடைசியாகப் பணம், ஆள். பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் இதெல்லாம் நடக்குமா என்பார்கள். 1970களில் கீழடியில் கிணறு தோண்டியபோது வெளிவந்த பொருள்களைக் கவனித்து எடுத்துவைத்து, தொல்லியலாளருக்குச் சொல்லி அனுப்பியவர் ஒரு பள்ளி ஆசிரியர். கோட்டையூர் ரோஜா முத்தையா தொழிலால் விளம்பரப் பலகை எழுதுபவர். அவர் தேடிச் சேர்த்த புத்தகங்களோடு நாடக நோட்டீசும் கல்யாணப் பத்திரிகையும்கூட இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. உங்களுக்கு முதல் ஆண்டில் தேவைப்படுவது ஓர் அளவுகோல், ஒரு சமையல் தராசு, ஒலிப்பதிவு செய்யும் கைப்பேசி, வாரத்தில் ஒரு பிற்பகல் உட்கார இரண்டு பேர், ஒரு பதிவேடு. கண்ணாடிப் பெட்டிக்கு இரண்டாம் ஆண்டில் ஆர்டர் கொடுக்கலாம். பதிவேட்டுக்குச் சுருள் கம்பி போட்ட நோட்டு வேண்டாம், தாள் கழன்றுவிடும். கெட்டி அட்டை போட்டுத் தைத்து, பக்க எண் அச்சிட்ட கணக்குப் பேரேடு எந்த ஊர் ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிறது.